காசு கொடுத்து வாங்கிய பார்கோடு வேறு நிறுவனத்தின் பெயரில் காட்டுகிறது, உண்மையில் இது யாருடையது?

தாள்மடிப்பு:

வணக்கம். நானும் என் தங்கையும் கையால் தைத்த குறிப்பேடுகளும் டைரிகளும் செய்து விற்கிறோம். சின்ன அளவுதான். இதுவரை தெரிந்தவர்களுக்கும் கண்காட்சிகளிலும் மட்டும் விற்றதால் பார்கோடு பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. போன வருடம் ஒரு கடையில் "பார்கோடு இருந்தால்தான் எடுப்போம்" என்று சொன்னதும், இணையத்தில் தேடி, பார்கோடு விற்கும் ஒரு தளத்தில் பத்து எண்கள் வாங்கினேன். மிகவும் மலிவு. எண்கள், கோடு போட்ட படங்கள், அப்புறம் "இந்த எண்களின் முழு உரிமையாளர் நீங்களே" என்று தங்க நிற முத்திரையோடு ஒரு சான்றிதழ். அதை நம்பி மூவாயிரம் லேபிள் அச்சடித்துவிட்டேன், பாதிக்கு மேல் ஒட்டியும் ஆயிற்று.

இப்போது ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பொருளைச் சேர்க்கப் போனால், கொடுத்த எண் உங்கள் பிராண்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். குழம்பிப்போய், பார்கோடு எண்களைத் தரும் ஜிஎஸ்1 அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது எண்ணுக்கு நான் கேள்விப்பட்டே இராத, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது. மீதி ஒன்றுக்கு எண்ணே தவறு என்கிறது. விற்றவரிடம் கேட்டால் "அந்தப் பதிவு பழையது, அதைப் பார்க்க வேண்டாம், சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதே" என்கிறார். எண்ணின் கடைசியில் வரும் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடும் ஒரு கருவியில் போட்டால் எண்கள் சரி என்றே வருகிறது.

எனக்குப் புரியாதது இதுதான்: எண் யாருடையது, சான்றிதழ் சொல்பவருடையதா, பதிவு சொல்பவருடையதா? அந்தப் பதிவில் என் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா? லேபிளை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதானா?


கிடங்குக்காரன்:

முதலில் கெட்ட செய்தி. அந்தச் சான்றிதழுக்கு அதை அச்சடித்த தாளின் மதிப்புதான். குறிப்பேடு செய்பவர் என்பதால் பின்பக்கத்தை எப்படியும் பயன்படுத்திக்கொள்வீர்கள்.

பார்கோடு எண் யாருக்குமே நிலம் மாதிரிச் சொந்தமாவதில்லை. ஜிஎஸ்1 அமைப்பின் நாட்டுக் கிளை ஒரு நிறுவனத்துக்கு அதைப் பயன்படுத்த உரிமம் தருகிறது, பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்துக்கு. வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விற்றவர் அந்த வீட்டில் குடியிருந்தவர், அல்லது குடியிருந்தவரிடம் சாவி வாங்கியவர். அவர் உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவேட்டில் பழைய பெயர்தானே இருக்கும்.

13 இலக்கத்தை இப்படிப் பாருங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் இருக்கும் 12-ல் முதல் பகுதி நிறுவனத்துக்குக் கொடுத்த முன்னொட்டு, மிச்சம் அந்த நிறுவனம் தன் பொருள்களுக்குத் தானே வரிசையாகப் போட்டுக்கொள்ளும் எண். முன்னொட்டு எல்லோருக்கும் ஒரே நீளம் கிடையாது. நிறையப் பொருள் இருக்கும் நிறுவனத்துக்குக் குட்டை முன்னொட்டு, அப்போதுதான் பொருளுக்கு அதிக இலக்கம் மிஞ்சும். சின்ன நிறுவனத்துக்கு நீளமானது. அதனால் வெறும் கண்ணால் பார்த்து எங்கே வெட்டுவது என்று சொல்ல முடியாது, பதிவேட்டில்தான் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு இப்போது சில நாடுகளில் ஒற்றை எண்ணாகவும் உரிமம் தருகிறார்கள், ஆகவே அடுத்தடுத்த இரண்டு எண் இரண்டு வேறு ஆள்களுடையதாகக்கூட இருக்கலாம்.

சரிபார்ப்பு இலக்கம் சரி என்பதால் எண் உங்களுடையது என்று ஆகிவிடாது. அது வெறும் கூட்டல். 6291041500213 என்ற எண்ணை எடுங்கள். கடைசி 3-ஐ விட்டுவிட்டு, மீதியை இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 57 வரும். அடுத்த பத்து 60, வித்தியாசம் 3. அவ்வளவுதான். தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காக வைத்தது. ஒரு இலக்கம் தப்பானால் கட்டாயம் பிடிக்கும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும். (2-ம் 7-ம் மாதிரி ஐந்து வித்தியாசம் உள்ளவை இடம் மாறினால் பிடிக்காது, இதில் நான் ஒருமுறை அரை நாள் தொலைத்திருக்கிறேன்.) வாயில் வந்த 12 இலக்கத்தைச் சொல்லுங்கள், நானே சரியான சரிபார்ப்பு இலக்கம் போட்டு, கோடும் வரைந்து தருகிறேன். அதனால் எண் உங்களுடையதாகிவிடுமா?

உங்கள் எண்கள் 12 இலக்கமா? அல்லது 13 இலக்கத்தில் 0 என்று தொடங்குகிறதா? ஆம் என்றால் கதை அநேகமாக இப்படித்தான் இருக்கும். அமெரிக்காவில் யுபிசி என்ற 12 இலக்கப் பார்கோடு 1974-ல் கல்லாவுக்கு வந்தது. ஒஹையோவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் முதன்முதலில் ஸ்கேன் ஆனது ஒரு சூயிங்கம் பொட்டலம். அங்கே அப்போது இந்த எண்களைக் கொடுத்து வந்த அமைப்பு ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு முன்னொட்டைக் கொடுத்துவிடும், வருடா வருடம் கட்ட வேண்டியதில்லை. ஆறு இலக்க முன்னொட்டு ஒன்று கையில் இருந்தால் ஒரு லட்சம் எண் போடலாம். பிற்பாடு ஆண்டுக் கட்டணம் கொண்டுவந்தபோது பழைய உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், முடிவில் 2002 ஆகஸ்ட்டுக்கு முன் வாங்கியவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அந்த நிறுவனங்களில் பலவற்றுக்கு ஐம்பது பொருள்கூடக் கிடையாது, சில மூடியும் போயின. மிச்சமான எண்களைச் சிலர் மொத்தமாக வாங்கி, பத்து பத்தாகப் பிரித்து விற்கிறார்கள். நீங்கள் வாங்கியது அதில் ஒரு துண்டாகத்தான் இருக்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் பழைய நிறுவனத்தின் பெயர் நிற்கிறது, நிற்கும்.

பெயரை மாற்றித் தரச் சொல்லி நீங்கள் கேட்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனத்தையே யாராவது வாங்கினாலோ, இரண்டு நிறுவனம் இணைந்தாலோ, அதற்கான ஆவணத்தோடு முன்னொட்டை முழுதாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஒரு லட்சத்தில் பத்து எண்ணை மட்டும் கிள்ளி வேறு பெயருக்கு எழுத வழி இல்லை.


பழையஸ்கேனர்:

கிடங்குக்காரர் சொல்வது விதிப்படி சரி, ஆனால் ரொம்பப் பயமுறுத்துகிறார். நான் நான்கு வருடமாக இப்படி வாங்கிய எண்களோடுதான் கடைகளுக்குச் சரக்கு போடுகிறேன், ஒரு கடையிலும் பிரச்சினை வந்ததில்லை.

காரணம் எளிது. அந்தக் கோடுகளுக்குள் பெயரும் இல்லை, விலையும் இல்லை, எண் மட்டும்தான். கல்லாவில் ஸ்கேன் செய்ததும் கணினி அந்தக் கடையின் சொந்தப் பட்டியலில்தான் தேடும், ஜிஎஸ்1 பக்கம் போவதே இல்லை. கடைக்காரர் "இந்த எண் என்றால் இந்தக் குறிப்பேடு, இந்த விலை" என்று தன் பட்டியலில் ஒருமுறை ஏற்றிவிட்டால் அங்கே அது செல்லும். பதிவேட்டில் யார் பெயர் இருந்தால் என்ன? பதிவைத் தேடிப் பார்ப்பது பெரிய ஆன்லைன் தளங்களும் பெரிய சங்கிலிக் கடைகளும்தான். அவர்களிடம் விற்காதவர்கள் ஏன் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும்? லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள், சின்னக் கடைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.


கிடங்குக்காரன்:

@பழையஸ்கேனர் ஸ்கேன் ஆகும், மறுக்கவில்லை. இன்னொரு ஆளும் அதே எண்ணோடு அதே கடைக்கு வரும் நாள் வரைக்கும் ஆகும். பத்து எண்ணை ஒருவருக்குத்தான் விற்றார் என்பதற்கு விற்றவரின் வாய்வார்த்தையைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது? அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், அந்த எண்ணைப் பழைய நிறுவனம் எண்பதுகளில் எந்தப் பொருளில் போட்டது என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை ஒரு பொருளுக்குக் கொடுத்த எண்ணை வேறு பொருளுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று 2019 தொடக்கத்திலிருந்து விதியே வந்துவிட்டது. அதற்கு முன்பு சில வருட இடைவெளி விட்டு மறுபடி பயன்படுத்த விட்டிருந்தார்கள், அந்தக் காலத்துக் குப்பை இன்னும் பட்டியல்களில் கிடக்கிறது.

எங்கள் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்டி மேசை விளக்கு வந்தது. உள்ளே எடுக்கும்போது ஸ்கேன் செய்தால் திரையில் "சைக்கிள் பம்ப், கைவகை" என்று வருகிறது. பையன் பெட்டியைப் பார்க்கிறான், திரையைப் பார்க்கிறான், மறுபடி ஸ்கேன் செய்கிறான், மறுபடி பம்ப். இரண்டு விற்பனையாளர், இரண்டு பேரும் இப்படி வாங்கியவர்கள், ஒரே எண். எங்கள் மென்பொருள் ஒரு எண்ணுக்கு ஒரு பொருளைத்தான் ஏற்கும், முதலில் வந்தது பம்ப். விளக்குக்காரரின் சரக்கு மூன்று வாரம் ஓரமாகக் கிடந்தது. அவரிடம் போய் "உங்கள் பக்கம் நான்கு வருடமாகப் பிரச்சினை இல்லையே" என்று சொல்லிப் பாருங்கள்.


வரிவரியாக:

இரண்டு பேரும் சண்டையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கேட்டவருக்கு அந்தப் பதிவை எப்படிப் படிப்பது என்பதே தெளிவாகவில்லை என்று நினைக்கிறேன். நான் பொருள் விவரங்களைத் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன், தினமும் அதிலேயே உழல்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்பு இருந்தது கெபிர் என்ற தேடல். எண்ணைக் கொடுத்தால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் முகவரியும் சொல்லும், பொருள் என்ன என்பது அநேகமாக இருக்காது. இப்போது அதன் இடத்தில் வெரிஃபைட் பை ஜிஎஸ்1 இருக்கிறது. இதில் இரண்டு அடுக்கு இருப்பதைக் கவனியுங்கள். கீழ் அடுக்கு உரிமம்: இந்த எண் அல்லது முன்னொட்டு எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இதை எழுதுவது ஜிஎஸ்1 கிளை. மேல் அடுக்கு பொருள்: பிராண்டு பெயர், பொருளின் விவரிப்பு, படம், வகை, நிகர அளவு, எந்த நாட்டில் விற்பனை. இதை ஏற்ற வேண்டியது உரிமம் பெற்ற நிறுவனம். ஆகவே "நிறுவனப் பெயர் வருகிறது, பொருள் விவரம் இல்லை" என்று வந்தால் போலி என்று அர்த்தமில்லை, அவர்கள் சோம்பேறிகள் என்றும் இருக்கலாம். உரிமம் இப்போது நடப்பில் இல்லை என்று வந்தால் கட்டணம் கட்டவில்லை அல்லது நிறுவனம் இல்லை. எண்ணே தவறு என்று வந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

பதிவில் வேறு பெயர் வந்தாலே திருட்டு என்று நினைக்கவும் வேண்டாம். பதிவில் இருப்பது நிறுவனத்தின் சட்டப்படியான பெயர். பொட்டலத்தில் இருப்பது பிராண்டு. நமக்குத் தெரிந்த பத்து பிராண்டு ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் இருக்கும், பதிவில் அந்தத் தாயின் பெயர்தான் வரும். பிராண்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார், பழைய சரக்கு இன்னும் கடையில் பழைய எண்ணோடு இருக்கும். முன்னொட்டு போகாமல் பிராண்டு மட்டும் கை மாறினால், வாங்கியவர் பழைய எண்களை ஒரு வருடத்துக்குள் விட்டுவிட்டுத் தன் எண்ணுக்கு மாற வேண்டும் என்பது விதி, ஆனால் நடைமுறை எப்போதும் விதிக்குப் பின்னால்தான் நொண்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் மாட்டுவதைப் பார்க்கிறேன். வேறு தொழிற்சாலையில் செய்து வாங்கித் தன் பிராண்டு போட்டு விற்பவர்கள், "எண்ணையும் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று தொழிற்சாலை சொன்னால் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுகிறார்கள். அப்போது பதிவில் தொழிற்சாலையின் பெயர். இரண்டு வருடம் கழித்து வேறு தொழிற்சாலைக்குப் போகும்போது எண் உங்களோடு வராது. எண் கொடுக்க வேண்டியவர் பிராண்டுக்கு உரியவர், செய்து தருபவர் அல்ல.

முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து "இது இந்த நாட்டுச் சரக்கு" என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலையும் நம்பாதீர்கள். 690 முதல் 699 வரை சீனா, 890 இந்தியா, 479 இலங்கை, 400 முதல் 440 வரை ஜெர்மனி என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அது எந்த நாட்டுக் கிளை எண்ணைக் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லும். ஜெர்மனியில் உரிமம் வாங்கிய நிறுவனம் எந்த நாட்டில் வேண்டுமானாலும் பொருளைச் செய்யலாம். அதே மாதிரி, பதிவும் பொட்டலமும் பொருந்திவிட்டால் பொருள் அசல் என்றும் ஆகாது. போலி செய்கிறவன் அசல் பொட்டலத்தை அப்படியே நகலெடுக்கும்போது எண்ணையும் சேர்த்துத்தானே எடுப்பான்? பதிவு அசல் நிறுவனத்தைத்தான் காட்டும்.

தேடுபொறியில் முதலில் வந்து விழும் இலவச பார்கோடு தேடல் தளங்கள் வேறு வகை. அவை கடைப் பட்டியல்களிலிருந்து அள்ளியவை, அல்லது ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற உணவுப் பொருள் தளம் மாதிரி ஆர்வலர்கள் தாங்களே பொட்டலத்தைப் பார்த்து ஏற்றுபவை. பொருள் என்ன என்று அறிய நல்லவை, சில நேரம் ஜிஎஸ்1-ஐ விட நல்லவை. உரிமம் யாருடையது என்பதற்கு அவை சாட்சி அல்ல.

@தாள்மடிப்பு அந்த ஒற்றைத் தவறான எண்ணைப் பற்றி: அதை எக்செல்லிலிருந்து எடுத்து ஒட்டினீர்களா?


தாள்மடிப்பு:

ஐயோ, ஆமாம். விற்றவர் அனுப்பியதே எக்செல் கோப்புதான். இப்போது எண்ணிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 11 இலக்கம்தான் இருக்கிறது! முன்பு ஒன்பது எண்ணை லேபிளைப் பார்த்துத் தட்டினேன், அது 12. பத்தாவதுக்கு லேபிள் அச்சடிக்கவே இல்லை, அதனால் கோப்பிலிருந்து நகலெடுத்தேன். முன்னால் இருந்த 0-வை எக்செல் விழுங்கியிருக்கிறது. 0 சேர்த்துத் தேடினால் அதுவும் அதே நிறுவனத்தின் பெயரில்தான் வருகிறது. கிடங்குக்காரர் அண்ணா சொன்ன கதை அச்சு அசல் என்னுடையது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். பத்து எண்ணையும் அந்த இலவசத் தளங்களில் தேடினேன். ஏழு எங்கேயும் இல்லை. இரண்டு யாரோ ஒருவருடைய கைபேசி உறையில் இருக்கிறது, நிறம் மட்டும் வேறு. ஒன்று ஏதோ குழந்தை பொம்மை. கைபேசி உறை போன மாதம்வரைகூட விற்பனையில் இருந்திருக்கிறது, கருத்துரையெல்லாம் இருக்கிறது. என் நீல டைரியை ஸ்கேன் செய்தால் எங்கேயோ ஒரு திரையில் கைபேசி உறை வரும் என்று நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முடிவு பண்ணிவிட்டேன், ஜிஎஸ்1 கிளையில் நேரடியாக வாங்கப் போகிறேன். இப்போது அடுத்த குழப்பம். எங்களிடம் நான்கு அளவு, கோடு போட்டது, போடாதது, அப்புறம் அட்டை பத்துப் பதினைந்து நிறத்தில், துணி கிடைப்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டுமா? அப்படியானால் நூறு எண் வாங்க வேண்டும் போலிருக்கிறதே. ஒரு தோழி புத்தகம் மாதிரி ஐஎஸ்பிஎன் வாங்கிவிடு, அதுவும் பார்கோடுதான் என்கிறாள்.


வரிவரியாக:

ஐஎஸ்பிஎன் வேண்டாம். 978, 979 என்று தொடங்கும் எண்கள் புத்தகங்களுக்காக ஒதுக்கியவை, வெற்றுக் குறிப்பேடுக்கும் டைரிக்கும் ஐஎஸ்பிஎன் கிடையாது. உங்கள் டைரியில் எழுதியவர் யார் என்று கேட்டால் வாங்கியவர் பெயரையா சொல்வீர்கள்?

எண்ணிக்கை பற்றி. அடிப்படைக் கேள்வி ஒன்றே ஒன்று: வாங்குபவரோ கடைக்காரரோ இரண்டையும் வேறு வேறாகப் பிரித்துக் கேட்பாரா? கோடு போட்டதும் போடாததும் கட்டாயம் வேறு எண். பக்க எண்ணிக்கை மாறினாலும் வேறு, பொட்டலத்தில் அச்சிட்ட அளவு மாறினாலே புதிய எண் என்பது விதி. வெளிப்புற அளவோ மொத்த எடையோ 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலும் அப்படியே. விலையை உற்பத்தியாளரே பொட்டலத்தில் அச்சிடுகிறார் என்றால் அந்த விலை மாறும்போதும் புதிய எண் என்று விதியில் இருக்கிறது, இதை நான் பார்த்தவரை பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. அட்டையில் படம் கொஞ்சம் மாறியது, எழுத்துரு மாறியது என்பதற்கெல்லாம் மாற்ற வேண்டாம்.

நிறம்தான் உங்கள் விஷயத்தில் யோசிக்க வேண்டியது. "நீலம் பத்து, சிவப்பு பத்து" என்று கடை தனித்தனியாகக் கேட்க முடியும் என்றால் தனித்தனி எண். கிடைத்த துணியில் தைத்து, கலந்து அனுப்புகிறீர்கள், கடைக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியே இல்லை என்றால் "பலவித அட்டை" என்று ஒரே எண் போதும். ஆன்லைனில் மட்டும் இது இடிக்கும், அங்கே வாங்குபவர் படத்தைப் பார்த்து நிறத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்.

நூறு எண் தொகுதி வாங்கும் முன் இப்போது உண்மையில் எத்தனை விற்கிறது என்று எழுதிப் பாருங்கள். கட்டணம் தொகுதியின் அளவைப் பொறுத்தது. அப்புறம் ஒரு தாளிலோ கோப்பிலோ எந்த எண் எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். தன் எண்ணைத் தானே இரண்டு பொருளுக்குக் கொடுத்துவிட்டு வந்து முழிப்பவர்களை நான் மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். எக்செல்லில் வைத்தால் அந்த வரிசையை எண்ணாக இல்லாமல் உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் தட்டுங்கள். எண் கொடுத்த கையோடு பொருள் விவரத்தையும் படத்தையும் பதிவில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல் அடுக்கு காலியாகவே கிடக்கும், தளம் மறுபடி "பிராண்டு பொருந்தவில்லை" என்று சொல்லும்.


பழையஸ்கேனர்:

கைபேசி உறை என்றதும் எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கிவிட்டது. என்னுடைய இருபத்து இரண்டு எண்ணையும் தேடிப் பார்த்தேன். ஒன்று ஒரு மீன் தொட்டி வடிகட்டியில் இருக்கிறது. சின்னக் கடைக்கு ஓடும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஓடத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த அச்சடிப்புக்கு முன்னால் நானும் மாற்றிவிடுவேன். சரி, ஒரு சந்தேகம், இந்த கியூஆர் வரப்போகிறது, பார்கோடே போய்விடும் என்கிறார்களே, இப்போது போய்ப் பணம் கட்டுவது வீணா?


கிடங்குக்காரன்:

போகாது. 2027 முடிவுக்குள் கல்லாக்கள் கியூஆர் மாதிரியான இருபரிமாணக் குறியீடுகளையும் படிக்கும்படி தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது, பழைய கோடுகளை நிறுத்தச் சொல்லவில்லை. கியூஆருக்குள் போகப்போவதும் இதே எண்தான், கூடத் தொகுதி எண், காலாவதித் தேதி மாதிரி விவரங்களும் சேரும்.


தாள்மடிப்பு:

எல்லோருக்கும் நன்றி, விண்ணப்பம் போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று. ஒட்டி முடித்த குறிப்பேடுகள் ஆயிரத்தெழுநூறு சொச்சம். லேபிளை உரித்தால் அட்டைத் துணி பிய்கிறது. பழைய கோட்டின் மேலேயே புது எண் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா? நேற்றிரவு வீட்டு பிரிண்டரில் ஒன்று எடுத்து ஒட்டிப் பார்த்தேன், எங்கள் பிராண்டுக்கு ஏற்ற மாதிரி சிவப்புக் கோடு, பார்க்க அழகாக இருக்கிறது. கைபேசிச் செயலி ஒருமுறை புது எண்ணைப் படித்தது, ஒருமுறை படிக்கவே இல்லை.


கிடங்குக்காரன்:

ஒட்டலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சிவப்பு வேண்டாம் தாயி. பல ஸ்கேனர்களின் வெளிச்சமே சிவப்பு, அதற்கு உங்கள் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான், எதுவுமே தெரியாது. கைபேசி கேமரா படித்ததை நம்பிவிடாதீர்கள். வெள்ளையில் கருப்பு, அதுதான் பத்திரம்.

ஸ்டிக்கர் தாள் மெல்லிசாக இருந்தால் அடியிலிருக்கும் பழைய கோடு நிழலாட்டம் தெரியும், ஒரு தடவை படித்து ஒரு தடவை படிக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அடியில் இருப்பதை முழுதாக மறைக்கும் தாள் என்று கேட்டு வாங்குங்கள், அச்சகத்தில் கேட்டால் தருவார்கள். பழைய கோட்டின் ஒரு ஓரம்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் சில ஸ்கேனர் அதைப் பிடித்துக்கொண்டு கைபேசி உறை என்று சொல்லும். முழு அளவு என்றால் கோடும் இரு பக்க வெற்றிடமும் சேர்த்து அகலம் 37.29 மில்லிமீட்டர், அதன் 80 சதவீத அளவு வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். இடது பக்கமும் வலது பக்கமும் இருக்கும் அந்த வெற்றிடத்தை அழகுக்காக வெட்டிவிடவும் கூடாது.

பத்து ஒட்டி, ஏதாவது ஒரு கடைக் கல்லாவில் கொண்டுபோய் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு மீதியை ஒட்டுங்கள்.


தாள்மடிப்பு:

சரிங்க அண்ணா, கருப்பே போடுகிறேன். தங்கைக்குச் சொன்னேன், மீதி ஆயிரத்தி இருநூறு சொச்சம் ஒட்டாத லேபிளை எண்ணி வைத்திருக்கிறாள், பின்பக்கத்தில் கணக்கு எழுதப் போகிறாளாம்.